எலிஸ் யார்? ஹைடனின் தலை எங்கே? மேற்கத்தியச் செவ்விசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைக் கீபோர்டு வகுப்பில் விட்டுவிட்டு வராந்தாவில் காத்திருக்கும் பெற்றோர்கள்தான் என்னை அதிகம் கேள்வி கேட்பவர்கள். பிள்ளைகள் கேட்பதில்லை, அவர்களுக்கு விரல் வலிக்கிறது. வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு ஒன்று பிடிபட்டது. புகழ்பெற்ற மெட்டுகளின் பெயரும் கதையும் பல நேரங்களில் இசையமைத்தவரிடமிருந்து வந்தவை அல்ல. பின்னால் வந்த யாரோ ஒட்டிவிட்டுப் போனவை.

கார் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்கும் அந்த மெட்டு நிஜமாகவே பீத்தோவனுடையதா?

ஆமாம். பெயர் 'ஃபர் எலிஸ்'. 'எலிஸுக்காக' என்று பொருள். 1810 ஏப்ரல் 27 என்று அதில் தேதி இருந்தது. பீத்தோவன் அதை அச்சுக்குக் கொடுக்கவே இல்லை. அவர் 1827-ல் இறந்தார். அதற்கு 40 வருடம் கழித்து, 1867-ல், லுட்விக் நோல் என்பவர் ஒரு கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அச்சிட்டார். அந்தப் பிரதி பிறகு காணாமல் போய்விட்டது. ஆகவே நோல் சரியாகத்தான் படித்தாரா என்று சரிபார்க்க இன்று வழியில்லை.

வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் பீத்தோவன் மணக்க விரும்பிய பெண்ணின் பெயர் தெரேஸ் மல்ஃபாத்தி. பீத்தோவனின் கையெழுத்தோ கோழி கிளறிய மாதிரி இருக்கும். 'தெரேஸ்' என்று எழுதியதை நோல் 'எலிஸ்' என்று படித்துவிட்டார் என்பது ஒரு கட்சி. எலிசபெத் ரோக்கல் என்ற பாடகிதான் எலிஸ் என்பது இன்னொரு கட்சி. எப்படியோ, பெயர் தெரியாத ஒரு பெண்ணுக்கு எழுதிய மெட்டு நம் தெருக்களில் "பின்னால் தள்ளி நில்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

'மூன்லைட் சொனாட்டா' பார்வையற்ற ஒரு பெண்ணுக்காக, நிலா வெளிச்சத்தில் எழுதியதாமே?

அந்தப் பெண் கட்டுக்கதை. நிலவும் பீத்தோவன் வைத்ததில்லை. 1801-ல் எழுதி மறு வருடம் அச்சிட்டபோது அவர் கொடுத்த தலைப்புக்கு 'கற்பனைப் போக்கில் ஒரு சொனாட்டா' என்பதுபோல் பொருள். (சொனாட்டா என்பது சில பகுதிகள் கொண்ட வாத்திய உருப்படி.) தன்னிடம் பியானோ கற்ற ஜூலியெட்டா குவிச்சார்டிக்கு அதைச் சமர்ப்பித்தார். அவருக்குப் பார்வை நன்றாகவே இருந்தது. லுட்விக் ரெல்ஸ்டாப் என்ற விமர்சகர் முதல் பகுதியைச் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் ஏரி நிலவொளிக்கு ஒப்பிட்டார். அந்த ஒப்புமையே பெயராகி நிலைத்தபோது பீத்தோவன் உயிரோடு இல்லை.

ரெல்ஸ்டாப் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அந்தச் சொனாட்டாவின் மூன்றாம் பகுதி பேய்மழை. அதை மட்டும் கேட்டால் யாருக்கும் நிலா நினைவுக்கு வராது. பெயரை நம்பி முதல் பகுதியோடு எழுந்து போகிறவர்கள்தான் அதிகம்.

பீத்தோவன் காது கேட்காமல் எப்படி இசையமைத்தார்?

பிறவியிலிருந்தே கேட்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முப்பது வயதை நெருங்கும்போதுதான் கேட்கும் திறன் குறையத் தொடங்கியது. முழுதாக அடங்கப் பல வருடம் ஆயிற்று. அதற்குள் ஒவ்வொரு வாத்தியத்தின் குரலும் அவருக்குள் பதிந்துவிட்டது. நமக்கு வந்த கடிதத்தை வாய்விட்டுப் படித்தால்தானா புரியும்? அவருக்கு ஸ்வரம் எழுதிய தாள் அப்படி.

இதைவிடச் சுவையான விஷயம் அவரது உரையாடல் நோட்டுகள். 1818-லிருந்து பார்க்க வந்தவர்கள் சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டினார்கள். அவர் பெரும்பாலும் வாயால் பதில் சொன்னார். அதனால் இன்று அந்த நோட்டுகளைப் படிப்பது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவதைக் கேட்பது போல. ஒரு பக்கம்தான் கிடைக்கும். போதாக்குறைக்கு, அவரிடம் உதவியாளராக இருந்த ஷிண்ட்லர், பீத்தோவன் இறந்தபின் அந்த நோட்டுகளில் தன் இஷ்டத்துக்குச் சில உரையாடல்களை எழுதிச் சேர்த்தார். 1970-களில்தான் அந்தப் பித்தலாட்டம் வெளிவந்தது. ஐந்தாம் சிம்பொனியின் 'ட ட ட டாம்' தொடக்கத்தை "விதி இப்படித்தான் கதவைத் தட்டுகிறது" என்று பீத்தோவன் சொன்னதாக நமக்குச் சொன்னவரும் இதே ஷிண்ட்லர்தான். எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1824 மே 7, வியன்னாவில் ஒன்பதாம் சிம்பொனியின் அரங்கேற்றம். மேடையில் பீத்தோவனும் நின்று தாளம் காட்டினார். ஆனால் அவரைப் பார்க்க வேண்டாம், தன்னை மட்டும் பார்த்து வாசியுங்கள் என்று நடத்துநர் உம்லாஃப் குழுவிடம் சொல்லி வைத்திருந்தார். கைதட்டல் எழுந்தபோது பீத்தோவன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். கரோலின் உங்கர் என்ற பாடகி அவரைப் பிடித்துத் திருப்பிவிட்ட பிறகுதான் எதிரில் ஆடும் கைகளைப் பார்த்தார். இந்தக் கதையை ஷிண்ட்லர் மட்டும் சொல்லியிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

'ட்விங்கிள் ட்விங்கிள்' மொஸார்ட் ஐந்து வயதில் போட்ட மெட்டா?

இல்லை. அது பழைய பிரெஞ்சு மெட்டு. அதற்கு அங்கே இருந்த வரிகள், "அம்மா, உன்னிடம் ஒன்று சொல்லட்டுமா" என்று தொடங்கும். மொஸார்ட் இருபத்தைந்து வயது வாக்கில் அந்த மெட்டை எடுத்துப் பன்னிரண்டு விதமாக மாற்றி மாற்றி வாசிக்க ஒரு பியானோ உருப்படி எழுதினார். மெட்டு இரவல், அலங்காரம் அவருடையது. நட்சத்திரம் பற்றிய ஆங்கிலக் கவிதையை ஜேன் டெய்லர் வெளியிட்டது 1806-ல். மொஸார்ட் 1791-லேயே போய்விட்டார். அந்த வரிகளை அவர் கேட்டதே இல்லை.

அதே மெட்டில் கர்நாடக சங்கீதத்திலும் ஒரு பாட்டு இருக்கிறதே?

இதைக் கேட்டவர் ஒரு பாட்டி. வராந்தாவில் பாடியே காட்டினார். 'ச்யாமளே மீனாட்சி'. முத்துசுவாமி தீட்சிதர் செய்த நொட்டுஸ்வர சாகித்தியங்களில் ஒன்று.

தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு அருகில் மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த காலத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேய பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 'நோட்' என்பது நம் வாயில் 'நொட்டு' ஆயிற்று. அந்த மெட்டுகளுக்குத் தெய்வங்களின் மேல் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். இவற்றில் முப்பத்தொன்பது கிடைத்திருக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்தில் அடங்கும். மேற்கத்தியரின் மேஜர் ஸ்கேலும் நம் சங்கராபரணமும் ஒரே ஸ்வர வரிசை என்பதால் சிக்கலே இல்லை. கமகத்தை மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டும். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்தச் சூழலில்தான் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, நம் சங்கீதத்துக்குள் அதைக் கொண்டுவந்தார்.

இன்னொன்றும் உண்டு. 'சந்ததம் பாஹிமாம்' என்ற நொட்டுஸ்வரத்தின் மெட்டு, பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் தேசிய கீதம். அதே மெட்டை 1803 வாக்கில் வியன்னாவில் பீத்தோவனும் எடுத்து, பியானோவுக்கு ஏழு விதமாக மாற்றி எழுதினார். பீத்தோவன் 1770-ல் பிறந்தவர். தீட்சிதர் 1775-ல் திருவாரூரில் பிறந்தவர். ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருக்கவே முடியாது. ஒரே மெட்டு, அங்கே மன்னருக்கு வாழ்த்து, இங்கே சியாமளா தேவியிடம் வேண்டுதல். எனக்கு இந்தப் பக்கத்திலேயே பிடித்த தகவல் இதுதான்.

மொஸார்ட்டுக்கு சாலியேரி விஷம் வைத்தாரா?

வைக்கவில்லை. சாலியேரி அதே காலத்தில் வியன்னாவில் இருந்த இசையமைப்பாளர். 'அமேடியஸ்' படம் பார்த்துவிட்டு வந்து கேட்கிறீர்கள், தெரிகிறது. வதந்தி பழையது. 1830-ல் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் அதை நாடகமாக்கினார். நாடகத்திலிருந்து ஓபரா, ஓபராவிலிருந்து இன்னொரு நாடகம், அப்புறம் சினிமா.

நடந்தது என்ன? இறப்பதற்கு ஏறக்குறைய ஏழு வாரம் முன்பு மொஸார்ட் தன் மனைவிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. சாலியேரியைத் தன் 'மாயக் குழல்' ஓபராவுக்கு வண்டியில் அழைத்துப் போனதாகவும், ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் "பிராவோ" என்றோ "பெல்லோ" என்றோ சொன்னதாகவும் குதூகலமாக எழுதியிருக்கிறார். 1785-ல் இருவரும் சேர்ந்து போட்ட சிறு பாட்டு ஒன்றும் சில வருடங்களுக்கு முன் பிராக் நகரில் கிடைத்தது. மொஸார்ட் இறந்தபின் அவருடைய கடைசி மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் சாலியேரியும் ஒருவர். பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் மூவரும்கூட அவரிடம் கற்றவர்களே. இப்பேர்ப்பட்ட வாத்தியாரைக் கொலைகாரர் ஆக்கியதில், வாத்தியார் வேலை பார்க்கும் எனக்கு வருத்தம்தான்.

சரி, மொஸார்ட்டை இறுதி அஞ்சலி இசை எழுதச் சொன்னதாகச் சொல்லும் அந்த மர்ம மனிதர்?

அவர் நிஜம். எமனின் தூதர் இல்லை, ஒரு பிரபுவின் ஆள். வால்செக் என்ற பிரபு, இளவயதில் இறந்த தன் மனைவியின் நினைவுக்காக 'ரெக்வியம்' வேண்டினார். பெயரை ஏன் மறைத்தார் தெரியுமா? அடுத்தவர்களிடம் காசு கொடுத்து எழுத வாங்கி, தானே போட்டது போல வாசிக்க வைப்பது அவர் பழக்கம். மொஸார்ட் முடிக்காமலே இறந்தார். மீதிப் பணம் வராமல் போய்விடுமே என்று மனைவி கான்ஸ்டான்சே, ஸூஸ்மாயர் என்பவரைக் கொண்டு ரகசியமாக முடிக்க வைத்தார். வால்செக் அதைத் தன் கையால் நகல் எடுத்து, 1793-ல் தன் படைப்பாகவே நடத்தினார். வாங்கியவரும் ஏமாற்றினார், விற்றவரும் ஏமாற்றினார். நடுவில் அந்த இசை மட்டும் ஏமாற்றவில்லை.

மொஸார்ட் பறவை வளர்த்தாராமே?

இதைக் கேட்பவர்கள் குறைவு. நானே கேட்க வைப்பேன். 1784 மே 27 அன்று மொஸார்ட் ஒரு ஸ்டார்லிங் வாங்கினார். நம் மைனாவுக்கு நெருங்கிய உறவு, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் இனம். செலவுக் கணக்கு நோட்டில் பறவையின் விலையை எழுதி, பக்கத்திலேயே அது பாடிய மெட்டையும் குறித்து, "நன்றாக இருந்தது!" என்று எழுதினார். அந்த மெட்டு, அதற்கு ஆறு வாரம் முன்பு அவர் எழுதி முடித்த பதினேழாம் பியானோ கான்செர்ட்டோவின் (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) கடைசிப் பகுதியில் வருவது. பறவை ஓரிடத்தில் தேவையில்லாமல் நீட்டியது, ஓரிடத்தில் அரை ஸ்வரம் மேலே போய்விட்டது. மற்றபடி சரி. இன்னும் மேடையேறாத மெட்டு கடைப் பறவைக்கு எப்படித் தெரிந்தது? கடையில் நின்று அவரே சீட்டியடித்திருப்பார் என்பதுதான் பலரின் ஊகம்.

மூன்று வருடம் வீட்டில் இருந்தது. 1787 ஜூன் 4 அன்று செத்துப்போனது. மொஸார்ட் ஊர்வலம் வைத்து, தானே ஒரு கவிதை எழுதி வாசித்து, தோட்டத்தில் அடக்கம் செய்தார். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவருடைய அப்பா சால்ஸ்பர்க்கில் இறந்திருந்தார். அந்த இறுதிச் சடங்குக்கு மகன் போகவில்லை.

மொஸார்ட்டை அநாதைப் பிணம் போலக் குழியில் போட்டார்களா?

இல்லை. அரசர் இரண்டாம் ஜோசப் காலத்து ஆடம்பரத் தடை விதிகளின்படி நடந்த சாதாரண அடக்கம். வியன்னாவின் நடுத்தர மக்கள் பலருக்கும் அப்படித்தான் நடந்தது. பெயர்க்கல் இல்லாததால் இடம் தெரியாமல் போயிற்று.

ஹைடனின் தலையைத் திருடினார்களா?

திருடினார்கள். 1809 மே மாதக் கடைசியில் நெப்போலியன் படை வியன்னாவைப் பிடித்து வைத்திருந்தபோது இசையமைப்பாளர் ஹைடன் இறந்தார். மண்டை ஓட்டின் மேடுபள்ளத்தைப் பார்த்து ஒருவரின் திறமையைச் சொல்லலாம் என்ற மூடநம்பிக்கை அன்று 'விஞ்ஞானம்' என்ற பெயரில் உலவியது. ரோசன்பாம், பீட்டர் என்ற இருவர் வெட்டியானுக்குக் காசு கொடுத்துத் தலையை எடுத்துக்கொண்டார்கள். இருவருமே ஹைடனின் ரசிகர்கள்! ரோசன்பாம் அவருக்குப் பழக்கமானவரும்கூட.

1820-ல் ஹைடனை வேலைக்கு வைத்திருந்த குடும்பத்தின் எஸ்டர்ஹாஸி இளவரசர், உடலைத் தன் ஊரான ஐசன்ஸ்டாட்டுக்கு மாற்றத் தோண்டியபோது, உள்ளே உடம்பும் ஒரு விக்கும்தான் இருந்தன. போலீஸ் ரோசன்பாம் வீட்டுக்கு வந்தது. மண்டை ஓட்டைப் படுக்கைக்குள் ஒளித்து, மேலே மனைவியைப் படுக்க வைத்துவிட்டார். "உடம்பு சரியில்லை" என்று சொன்னால் எந்தப் போலீஸ் எழுப்பும்? பிறகு வேறு யாருடைய மண்டை ஓட்டையோ கொடுத்துச் சமாளித்தார். உண்மையானது கை மாறிக் கை மாறி, வியன்னாவின் இசை ரசிகர் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. 1954-ல்தான் உடலோடு சேர்த்தார்கள். மாற்றாக வந்ததையும் அவர்கள் அப்புறப்படுத்தவில்லை. அதனால் ஹைடனின் கல்லறையில் இன்று இரண்டு மண்டை ஓடுகள்.

பாக் சாதுவான சர்ச் மனிதர்தானே?

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், படத்தில் அப்படித் தெரிவார். இருபது வயதில், பஸூன் என்ற ஊதுவாத்தியம் வாசித்த ஒரு மாணவனின் வாசிப்பைக் கேவலமாகப் பேசி, அவன் தடியோடு வந்து நடுத்தெருவில் மறித்தபோது வாளை உருவியவர். அதே 1705-ல் ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து நாலு வாரம் லீவு வாங்கிக்கொண்டு, பக்ஸ்டஹூட என்ற மேதையின் ஆர்கன் வாசிப்பைக் கேட்க லூபெக் வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே போனார். திரும்பி வந்தது சுமார் நாலு மாதம் கழித்து. 1717-ல் வேலையை விட அனுமதி கேட்டு அடம்பிடித்ததற்காக வைமர் ஆட்சியாளர் அவரை ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் வைத்தார்.

கடைசியில் அவர் கண்ணுக்கு அறுவை செய்தவர் ஜான் டெய்லர் என்ற ஊர்சுற்றி மருத்துவர். பார்வை போயிற்று, சில மாதங்களில் பாக்கும் போனார். அதே டெய்லர் பின்னாளில் இன்னொரு பெரிய இசையமைப்பாளரான ஹேண்டலின் கண்ணிலும் கை வைத்தார். பலன் அங்கேயும் அதேதான். பாக்கும் ஹேண்டலும் ஒரே வருடம், 1685-ல், ஜெர்மனியில் அருகருகே பிறந்தும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

என் பெண் வாசிக்கும் 'பாக் மினுவெட்' உண்மையில் பாக் எழுதியதா?

ஜி மேஜரில் உள்ள பிரபலமானதுதானே? அது கிறிஸ்டியான் பெட்சோல்டுடையது. பாக்கின் மனைவி அன்னா மக்டலேனாவின் நோட்டில் பெயரில்லாமல் இருந்ததால் பாக் கணக்கில் சேர்ந்துவிட்டது. இன்னும் பல புத்தகங்களில் பழைய பெயரே இருக்கிறது. பழைய இத்தாலிய இசையமைப்பாளர் ஒருவரின் பெயரில் உலவும் 'ஆல்பினோனியின் அடாஜியோ' இதைவிட மோசம். அதை 1958-ல் வெளியிட்ட ரெமோ ஜியாசோட்டோ என்ற இத்தாலிய அறிஞர்தான் இசையமைத்தவரும்.

சர்ச் கல்யாணத்தில் மணமகள் நடந்து வரும்போது வாசிப்பது யாருடையது?

உள்ளே வரும்போது வாக்னர். மோதிரம் மாற்றி வெளியே போகும்போது மெண்டல்சன். 1858-ல் விக்டோரியா ராணியின் மூத்த மகள் கல்யாணத்தில் இரண்டும் ஒலித்த பிறகு வழக்கமாகிவிட்டது. நம் ஊர் சர்ச்சுகள்வரை வந்தது.

வாக்னரின் 'லோஹென்கிரின்' ஓபராவில் அந்தப் பாட்டுக்கு அடுத்து என்ன நடக்கிறது என்று மணப்பெண்ணிடம் சொல்லாதீர்கள். கேட்கக் கூடாத கேள்வியை முதலிரவிலேயே கேட்கிறாள். மாப்பிள்ளை படகேறிப் போய்விடுகிறான். அவள் இறந்துபோகிறாள். இன்னொரு வேடிக்கை, யூதர்களைத் தாக்கி எழுதிய கட்டுரையில், யூதக் குடும்பத்தில் பிறந்த மெண்டல்சனை மட்டம் தட்டியவர் வாக்னர். இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்தவை நம் கல்யாணங்கள்.

'அல்லேலூயா' பாடும்போது ஏன் எழுந்து நிற்கிறோம்?

அது ஹேண்டலின் 'மெசையா'வில் வரும் கூட்டுப்பாட்டு. லண்டனில் அதைக் கேட்டு இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் அரசர் எழுந்து நின்றார், அதனால் எல்லோரும் நின்றார்கள் என்பது கதை. அந்த நிகழ்ச்சிக்கு அரசர் வந்ததாக அன்றைய பதிவு எதுவும் இல்லை. முதலில் சொன்னது பல வருடம் கழித்து எழுதிய ஒரு கடிதம். நிற்பது பிடித்திருந்தால் நில்லுங்கள்.

'மெசையா' முதலில் மேடையேறியது லண்டனில் இல்லை, டப்ளினில், 1742 ஏப்ரல் 13. கூட்டம் பிதுங்கும் என்று தெரிந்து, பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரவேண்டும் என்று முன்பே அறிவித்தார்கள். வசூலில் ஒரு பங்கு, கடன் கட்ட முடியாமல் சிறையில் இருந்தவர்களுக்குப் போனது. 142 பேர் வெளியே வந்தார்கள்.

சாய்கோவ்ஸ்கி '1812'-ல் நிஜ பீரங்கி வைத்தாரா?

'1812' என்பது நெப்போலியன் படையை ரஷ்யா விரட்டியதைப் பற்றிய வாத்தியக் குழு உருப்படி. ரஷ்ய இசையமைப்பாளரான சாய்கோவ்ஸ்கி ஸ்வரத்தாளிலேயே பீரங்கிக்கு இடம் எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்கு அந்தப் படைப்பு பிடிக்கவில்லை. சத்தம் மட்டும்தான், பிரியமில்லாமல் எழுதினேன் என்று தன் புரவலரான மெக் அம்மையாருக்குக் கடிதம் போட்டார். இந்த அம்மையார் பதின்மூன்று வருடம் பணம் அனுப்பினார். இருவரும் நேரில் பேசிக்கொள்ளக் கூடாது என்பது அவர்களே வகுத்துக்கொண்ட ஏற்பாடு.

எல்லாரும் கேட்ட செவ்விசைத் துண்டு எது?

பழைய நோக்கியா போனின் ரிங்டோன். ஸ்பெயின் கிதார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ தாரெகாவின் 'கிரான் வால்ஸ்' என்ற 1902-ம் வருட உருப்படியில் நடுவே வரும் நாலே நாலு தாள வட்டம். தாரெகா 1909-ல் இறந்தார். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் அந்தப் போன்களைச் செய்தார்கள்.

போன மாதம் வகுப்பில் அதை வாசித்துக் காட்டினேன். வராந்தாவில் இருந்த பெற்றோர்கள் பைக்குள் கைவிட்டார்கள். பிள்ளைகள், "மிஸ், இது எந்த கிரேடு?" என்றார்கள்.